செயின்சா வெட்டவில்லையா? முதலில் தூளைப் பாருங்கள்

"மெஷின்ல பவர் இல்லண்ணே" என்று பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு வரும் செயின்சாக்களில் பலவற்றுக்கு எஞ்சின் நன்றாகவே இருக்கும். பல்லுதான் போயிருக்கும். மழுங்கிய பல் மரத்தைக் கடிக்காது, அதனால் ஆள் அழுத்துவார். அழுத்த அழுத்த வேகம் இறங்கும், கிளட்ச் சூடாகும், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) கறுக்கும். கடைசியில் பழி கார்புரேட்டர் மேல் விழும். யாராவது ஒருவர் ஸ்க்ரூவைத் திருகி, இல்லாத கோளாறையும் கொண்டுவந்துவிடுவார்.

சென்னையில் மரம் வெட்டும் குழு நடத்தும் மேஸ்திரிகளுக்காகவும், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வர்தா புயல் கரையேறிய 2016 டிசம்பரில் நகரத்துத் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் பாரிமுனைக்குப் போய்ப் புது செயின் வாங்கிவர முடியாது. கடை திறந்திருந்தாலும் போகிற வழியில் மரம் கிடக்கும். சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பல் தீட்டத் தெரிந்த ஒருவராவது குழுவில் வேண்டும். ஒரே ஆளாக இல்லாமல் இரண்டு பேராக இருந்தால் இன்னும் நல்லது.

கீழே தலைப்புகளாக இருப்பவை வேலையாட்கள் வந்து சொல்லும் வார்த்தைகள். எதைச் சோதிப்பதானாலும் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், கையுறை போடுங்கள். அரம் பிடிக்கும்போது செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும். அடுத்த பல்லை முன்னால் கொண்டுவர மட்டும் பிரேக்கை விடலாம்.

"மாவு மாவா வருது, அழுத்தினாத்தான் இறங்குது"

வேலையில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம். கூரான செயின் பச்சை மரத்தில் சின்னச் சின்னச் செதில்களாக வெட்டித் தள்ளும். மழுங்கிய செயின் மாவாக அரைக்கும். ஆனால் காய்ந்த புளியிலும் கருவேலத்திலும் நல்ல பல்லே பொடியாகத்தான் தள்ளும், தென்னையில் நாராக வரும். எனவே சந்தேகம் வந்தால் பச்சை வேம்பு அல்லது புங்கைக் கிளை ஒன்றைக் குறுக்காக அறுத்துப் பாருங்கள். மெஷினின் சொந்த எடையிலேயே பார் இறங்க வேண்டும். கையால் அழுத்த வேண்டியிருந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது.

இன்னொரு சோதனை வெளிச்சத்தில். பல்லின் வெட்டும் விளிம்பை வெயிலுக்கு நேராகக் காட்டுங்கள். விளிம்பு ஓரமாக வெள்ளைக் கோடு பளிச்சிட்டால் அது மழுங்கல். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடம் இருக்காது.

எந்த அரம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பையில் இருக்கும் ஏதோ ஒரு உருண்டை அரத்தை எடுத்து எல்லா செயினுக்கும் போடுவார்கள். செயினின் பிட்சை, அதாவது இணைப்புகளின் இடைவெளியை (அங்குலத்தில் சொல்வார்கள்), பார்த்துத்தான் அரம் எடுக்க வேண்டும். ஸ்டில் எம்எஸ் 180 போன்ற சின்ன மெஷினில் வரும் 3/8 லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. அரம். சந்தையில் நிறையக் கிடைக்கும் 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச் இருக்கும், அதற்கு 4.8 மி.மீ. முழு 3/8 செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. பிட்ச் எவ்வளவு என்பது பாரில் மெஷினோடு சேரும் பக்கத்தில் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள்.

இனி கை வேலை. பாரை வைஸில் இறுக்குங்கள். வைஸ் இல்லாத இடத்தில், வெட்டிய கட்டையில் பார் அகலத்துக்கு ஒரு பள்ளம் போட்டு அதில் பாரைச் செருகி, பக்கத்தில் ஆப்பு அடித்தால் போதும். செயினை வழக்கத்தைவிடச் சற்று இறுக்கிக்கொண்டால் பல் ஆடாது. எல்லாப் பல்லையும் பார்த்து, ரொம்ப அடிபட்டது எது என்று தேடுங்கள். அதில்தான் ஆரம்பம். அந்தப் பல் நேராகும்வரை எவ்வளவு தேய்ந்ததோ, அந்த நீளத்துக்கே மற்ற எல்லாப் பல்லும் வர வேண்டும். ஒரு சாதாரண வெர்னியர் வைத்து அளந்தால் விவாதமே வேண்டாம்.

அரம் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போக வேண்டும். தள்ளும்போதுதான் அது வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் அரமும் கெடும், விளிம்பும் கெடும். கோணம் பொதுவாக 30 டிகிரி. பெரும்பாலான செயின்களில் பல்லின் மேல்தட்டிலேயே இதற்கான கோடு இருக்கும், அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாகப் பிடித்தால் கணக்கு சரி. உயரம் இன்னும் முக்கியம். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரம் அதிகமாக இறங்கினால் விளிம்பு கொக்கி மாதிரி ஆகும்; முதல் வெட்டில் பிரமாதமாகக் கடிக்கும், கொஞ்ச நேரத்தில் மழுங்கும். ரொம்ப மேலே போனாலோ அரம் பெரிதாக இருந்தாலோ விளிம்பு பின்னால் சாயும், பல் மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பையன்களுக்கு இதை வாயால் விளக்கிப் புரியவைப்பது கஷ்டம். மார்க்கர் பேனா எடுத்து, பல்லின் வளைவான உட்பகுதி முழுக்க மை பூசச் சொல்லுங்கள். இரண்டு தள்ளு தள்ளிவிட்டுப் பார்த்தால் மை எங்கே அழிந்தது, எங்கே மிச்சம் என்று அவன் கண்ணுக்கே தெரியும். மேல் விளிம்பில் மை அப்படியே நின்றால் அரம் அங்கே தொடவே இல்லை. இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முதல் பல்லிலும் அதே மார்க்கரால் ஒரு அடையாளம் வைத்துவிட்டால், எங்கே ஆரம்பித்தோம் என்று தேடி ஒரே பல்லை இரண்டு முறை தீட்ட மாட்டார்கள்.

அரமும் தீர்ந்துபோகும் சாமான்தான். பளபளவென்று ஆகி, தள்ளும்போது கரகர சத்தம் இல்லாமல் வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். அரத்தில் எண்ணெய் பூசக்கூடாது, தூள் அடைத்துக்கொள்ளும். செயினில் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டுத் தீட்டுங்கள். கடற்கரைப் பக்கம் வேலை செய்பவர்கள் அரத்தை ஒரு துண்டு பிவிசி குழாயில் போட்டு இருபக்கமும் மூடி வைப்பது நல்லது. உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் திறந்து கிடந்தால் அரம் துருப்பிடித்துவிடும்.

"பல்லு கூரா இருக்கு, ஆனா இறங்கலையே"

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, டெப்த் கேஜ், அதைப் பாருங்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல்லைத் தீட்டத் தீட்ட மேல்தட்டு பின்னால் போகும், கூடவே உயரமும் குறையும், ஏனென்றால் அது பின்பக்கம் சரிவாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. மேடு மட்டும் பழைய உயரத்தில் நிற்கும். கடைசியில் மேடு மரத்தைத் தொடும், பல் தொடாது.

சாதாரண செயின்களில் பல்லுக்கும் மேட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இறக்கம் 0.65 மி.மீ. அளவில் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டெப்த் கேஜ் தகடு என்று கேட்டால் கிடைக்கும், விலை ஒன்றும் அதிகமில்லை. தகட்டைப் பல்லின்மேல் வைத்தால், தகட்டில் உள்ள வெட்டு வழியாக மேட்டின் உச்சி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும் அளவை மட்டும் பட்டை அரத்தால் எடுத்துவிட்டு, முன்முனையை மறுபடி உருட்டிவிடுங்கள். மூன்று நான்கு தடவை பல் தீட்டியதும் ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும்.

"கடிச்சுக் கடிச்சுக் குதிக்குது, கையை இழுக்குது"

இதைக் கேட்டால் மெஷினைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். யாரோ மேட்டை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார்கள். வேகமாக வெட்டும் என்று கிரைண்டரில் மேட்டைச் சாய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதல் நாள் வேகமாகத்தான் வெட்டும். ஆனால் பல் அளவுக்கு மேல் கடித்தால் செயின் திடுமென நிற்கும், அந்த விசை முழுக்க மெஷின் வழியாக ஆள் மேல் திரும்பும். பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் திருப்பி அடிக்கும் ஆபத்து எந்த செயினிலும் உண்டு, இப்படிப்பட்ட செயினில் அது பல மடங்கு. முழு வேகத்தில் செயின் விநாடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. "பார்த்துச் சுதாரிச்சுக்கலாம்" என்பதெல்லாம் நடக்காத காரியம். ஏணியில் நின்றுகொண்டு, தோளுக்கு மேலே கையைத் தூக்கி, லுங்கியும் செருப்புமாகக் கிளை கழிப்பவரிடம் இந்த செயினைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மேடு சற்றே அதிகம் தாழ்ந்திருந்தால், எல்லாப் பல்லையும் பின்னால் தீட்டி அளவுக்குக் கொண்டுவரலாம். ரொம்பத் தாழ்ந்துவிட்டால் அந்த செயின் முடிந்தது.

"வெட்டு வளைஞ்சு போகுது"

நேராக வைத்து அறுத்தாலும் வெட்டு பிறைபோலத் திரும்பினால், ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன. எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் வெட்டு இழுக்கும். வலதுகைக்காரர்களுக்கு ஒரு வரிசை கைவாகாக வரும். அடுத்த வரிசையில் முழங்கையை வளைத்துக்கொண்டு தள்ளுவார்கள், கோணம் மாறிவிடும். நின்ற இடத்திலிருந்தே இரண்டு வரிசையையும் தீட்ட விடாதீர்கள். மறுபக்கம் போய் நிற்கச் சொல்லுங்கள், இல்லை மெஷினைத் திருப்பி வையுங்கள்.

பல் எல்லாம் வெர்னியரில் சரி, ஆனாலும் வளைகிறதா? பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டி அறுத்துப் பாருங்கள். வளைவு மாறினால் கோளாறு பாரில். மாறாவிட்டால் செயினில். பாரில் என்றால், அதன் இரு விளிம்பில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கும். சமமான கண்ணாடித் தகட்டிலோ டைல்ஸ் மீதோ பாரை விளிம்பில் நிறுத்தினால் ஒரு பக்கம் சாயும். லேசான தேய்மானத்தைப் பட்டை அரத்தால் சமன் செய்யலாம். ஓரத்தில் பிசிறு நின்றால் அதையும் எடுங்கள், கையைக் கிழிக்கும். ஒவ்வொரு முறை செயின் கழற்றும்போதும் பாரைத் திருப்பி மாட்டும் வழக்கம் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். இதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் செய்பவர் குறைவு.

"காலையில தீட்டினேன், டீ குடிக்கறதுக்குள்ள போயிடுச்சு"

தீட்டியதில் குறையா, வெட்டியதில் குறையா என்று பிரித்துப் பாருங்கள். அரம் தாழ்ந்து கொக்கி விளிம்பு விழுந்ததை மேலே சொன்னேன். கிரைண்டரில் தீட்டியிருந்தால் பல்லின் நிறத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, நீலம் தாண்டும்வரை அரம் போட்டு எடுத்தாலொழிய அந்தப் பல் நிற்காது.

சென்னையில் வெட்டப்படும் பொருளே செயினுக்கு எதிரி. சாலையோர மரம் என்றால் ஆணி நிச்சயம். விளம்பரப் பலகை, கேபிள், சீரியல் விளக்கு, கோயில் திருவிழாத் தட்டி என்று வருஷக்கணக்கில் அடித்த ஆணிகளை மரம் தோலுக்குள் விழுங்கி வைத்திருக்கும். மாநகராட்சி மரங்களிலிருந்து ஆணி பிடுங்கும் இயக்கம் நடத்தியிருக்கிறது என்றாலும், உள்ளே போனது உள்ளேதான். வெட்டு முகத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்துக்குக் கீழே அறுக்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்து மணல். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கத்து சவுக்கிலும் தென்னையிலும் தோல் முழுக்க மணல் ஒட்டியிருக்கும். தென்னை, பனை மரங்களில் போதாததற்குச் சிலிக்காவும் உண்டு, அது பல்லைத் தின்னும். கோடாலியால் தோலைச் சீவிவிட்டு அல்லது கம்பி பிரஷ் போட்டுவிட்டு அறுங்கள். சுற்றிலும் சீவ நேரமில்லை என்றால் செயின் மரத்துக்குள் நுழையும் பக்கத்தை மட்டுமாவது சீவுங்கள். பாரின் அடியில் செயின் நம்மை நோக்கி ஓடுவதால், எதிர்ப்பக்கத்து அழுக்குதான் வெட்டுக்குள் இழுபடும். நம் பக்கத்து அழுக்கை அது வெளியே தள்ளிவிடும். அடிமரத்தைத் தரையோடு அறுக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம், பேவர் பிளாக்கையும் சிமெண்டையும் முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு விநாடி கான்கிரீட்டில் பட்டால் செயின் முழுவதையும் மறுபடி தீட்ட வேண்டும்.

செயின் வாங்கும்போதே இதற்கு ஒரு வழி இருக்கிறது. மூலை சதுரமாக இருக்கும் ஃபுல் சிசல் செயின் சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும், மண் பட்டால் சீக்கிரம் மழுங்கும். மூலை உருண்ட செமி சிசல் கொஞ்சம் மெதுவு, ஆனால் அழுக்கைத் தாங்கும், தீட்டுவதும் சுலபம். இந்த ஊர் சாலை மரங்களுக்கு நான் செமி சிசலைத்தான் சொல்வேன்.

"புகை வருது, பார் நீலமா மாறுது"

முதலில் சிரிப்பு வரவைக்கும் காரணங்கள். செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா? பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர்முனை பார் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். செயின் பிரேக் பாதி போட்டபடி ஓடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் எண்ணெய்.

பார் முனையை வெளுத்த கட்டையின் மேலோ அட்டையின் மேலோ ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். எண்ணெய்க் கோடு தெறித்து விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி, மெஷினில் எண்ணெய் வரும் ஓட்டையையும் பாரில் உள்ள சின்னத் துளையையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பாரின் பள்ளத்தில் இறுகிப்போன தூளை ஒரு பழைய ஹாக்ஸா பிளேடால் சுரண்டி எடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் டேங்குக்குள் உள்ள ஃபில்டர், அதற்குப் பிறகு பம்ப். பெட்ரோல் டேங்க் காலியாகும்போது எண்ணெய் டேங்கும் ஏறக்குறையக் காலியாக வேண்டும். பெட்ரோல் போட வரும் பையனிடம் "எண்ணெய் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கோளாறு புகை வருமுன்பே பிடிபடும்.

வண்டியிலிருந்து எடுத்த வேஸ்ட் ஆயிலை ஊற்றாதீர்கள். இரும்புத் துகள் கலந்திருக்கும், பம்பைத் தேய்க்கும். அது தெறித்துத் தோலில் படிந்துகொண்டே இருப்பது உடம்புக்கும் கேடு. பார் ஆயில் கிடைக்காத நாளில் புதிய எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம்.

"செயின் தொங்குது, கழன்டுக்குது"

ஆறிய நிலையில் செயின் பாரின் அடியில் ஒட்டியிருக்க வேண்டும், கையுறைக் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். இறுக்கும்போது பார் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் வெட்டிலேயே தளரும். சூட்டில் செயின் நீளும். அப்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அப்படியே வைத்தால் ஆறிச் சுருங்கி எஞ்சினின் கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

இறுக்கியும் கழன்றால் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தை, பாருங்கள். அதில் தேய்ந்த பள்ளம் அரை மி.மீ. ஆழத்தைத் தொட்டால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புது செயின் போட்டால் செயினும் சேர்ந்து கெடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது பொதுவான கணக்கு.

"சும்மா வெச்சாலும் செயின் ஓடுது"

ஆக்சிலேட்டரை விட்டபிறகும் செயின் நகர்ந்தால் அந்த மெஷின் மரத்தில் ஏறக்கூடாது. ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும். இது மெக்கானிக்கின் வேலை, ஒத்திப்போட வேண்டாம்.

"ஸ்டார்ட் ஆகுது, உடனே அணைஞ்சிடுது"

எஞ்சின் பக்கம் வருவது இவ்வளவு தாமதமாக என்பது வேண்டுமென்றேதான். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், பிளக்கைக் கழற்றித் துடைத்து இடைவெளியை 0.5 மி.மீ. வையுங்கள். பெட்ரோல் பழையதா என்று கேளுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். 2டி ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வேலையில்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. அளவுக் குப்பியில் ஊற்றுங்கள், மூடியால் ஊற்றும் குத்துமதிப்பு பிஸ்டனைத் தின்றுவிடும்.

"இன்னும் எத்தனை தடவை தீட்டலாம்?"

பல்லின் பின்பக்கம் சாய்வாக ஒரு தேய்மானக் கோடு இருக்கும். அதைத் தொட்டால் போதும், நிறுத்துங்கள். கோடு தெரியாத செயினில், மேல்தட்டின் மிச்ச நீளம் 4 மி.மீ. ஆனதும் எடுத்துவிடலாம். பல் ஒன்று விரிசல் விட்டிருந்தாலோ, ரிவெட் ஆடினாலோ, டென்ஷன் ஸ்க்ரூ கடைசிவரை போயும் செயின் தொங்கினாலோ அளவெல்லாம் பார்க்க வேண்டாம். அப்படி ஓய்வு கொடுத்த செயினைப் புதுப் பையன்களின் அரப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உளியால் ஒரு இணைப்பை வெட்டிவிட்டு வையுங்கள். முழுதாகக் கிடந்தால் அவசர வேலையில் யாராவது அதையே எடுத்து மெஷினில் மாட்டிவிடுவார்கள்.